லைசென்ஸ் நிறுத்தப்பட்டதா? கலிஃபோர்னியாவில் மறுபடி ஓட்ட 14 குறிப்புகள்

ஃப்ரீமான்ட், சான் ஹொசே பக்கம் கார் இல்லாவிட்டால் வேலைக்குப் போவதும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் பெரும்பாடு. மது அருந்திவிட்டு ஓட்டிய வழக்கில், அதாவது டி.யு.ஐ. வழக்கில், ஒருவர் பிடிபட்டால் நம் வீடுகளில் முதலில் வருவது வெட்கம். வெளியே தெரியக் கூடாது என்று மூடி வைப்பதிலேயே முக்கியமான கெடு நாட்கள் கடந்துவிடுகின்றன. செய்தது தவறுதான். ஆனாலும் திருந்தி, விதிப்படி ஓட்டச் சம்மதிப்பவருக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அதுதான் கட்டுப்பாட்டு லைசென்ஸ். 21 வயது நிரம்பியவர், முதல் வழக்கு, யாருக்கும் காயமில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். அடுத்த சில வாரங்களுக்கு வேறொருவர் கார் ஓட்ட வேண்டியிருக்கும். தபாலில் வரும் கடிதங்களை யாராவது கவனிக்க வேண்டும், பணமும் புரட்ட வேண்டும். மனைவிக்கோ கணவருக்கோ தெரியாமல் இவற்றில் ஒன்றும் நடக்காது. மாநில மோட்டார் வாகனத் துறையில், அதாவது டி.எம்.வி.யில், உங்கள் முகவரி பழையதாக இருந்தால் உடனே மாற்றுங்கள்.

2. பிங்க் தாளைப் பத்திரப்படுத்துங்கள். லைசென்ஸை வாங்கிக்கொண்டு போலீஸ் அதிகாரி தரும் அந்தத் தாள்தான் 30 நாட்களுக்குத் தற்காலிக லைசென்ஸ். லைசென்ஸ் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பும் அதுவே. நிறுத்தத்தை எதிர்த்து விசாரணை கேட்க, தாள் கையில் கிடைத்ததிலிருந்து 10 நாட்கள்தான் அவகாசம். வழக்கமான டி.எம்.வி. கவுன்ட்டரில் இது நடக்காது. டிரைவர் சேஃப்டி அலுவலகத்தைத் தொடர்புகொண்டு கேட்க வேண்டும். விசாரணை முடியும்வரை நிறுத்தத்தைத் தள்ளிவைக்கும்படியும் அப்போதே கேளுங்கள்.

3. நடவடிக்கை இரண்டு இடத்திலிருந்து வரும். ரத்தத்தில் மது 0.08 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், கோர்ட்டுக்குக் காத்திராமல் டி.எம்.வி. தானாகவே 4 மாதம் நிறுத்தும். கோர்ட்டில் குற்றம் உறுதியானால் 6 மாத நிறுத்தம் தனியாக வரும். கோர்ட்டில் பேசி வழக்கைச் சிறியதாக்கிக்கொண்டாலும் டி.எம்.வி.யின் நிறுத்தம் அதனால் நீங்கிவிடாது. வக்கீலிடம் பேசும்போது இரண்டையும் பற்றிக் கேளுங்கள்.

4. முதலில் உங்கள் பதிவேட்டைப் பாருங்கள். டி.எம்.வி. இணையதளத்தில் 2 டாலருக்கு ஓட்டுநர் பதிவேடு கிடைக்கும். இன்ஷூரன்ஸ் இல்லாமல் விபத்து, உடல்நலக் காரணம் என்று வேறு ஏதாவது நிறுத்தம் அதில் இருந்தால் அதை முதலில் தீர்க்க வேண்டும். விசாவோடு சேர்ந்து லைசென்ஸின் காலமும் முடியப் போகிறதா என்று பார்த்து, புதுப்பிக்கும் வேலையையும் தொடங்குங்கள்.

5. கட்டுப்பாட்டு லைசென்ஸின் இரண்டு வகையில் உங்களுக்கு எது என்று முடிவு செய்யுங்கள். முதல் வகையில் காரில் இன்டர்லாக் கருவி பொருத்த வேண்டும். ஊதிக் காட்டி, மூச்சில் மது இல்லை என்றால்தான் வண்டி கிளம்பும். இதில் 30 நாள் காத்திருப்பு இல்லை. எங்கும் எந்நேரமும் ஓட்டலாம். இரண்டாம் வகையில் கருவி வேண்டாம், ஆனால் முதல் 30 நாள் அறவே ஓட்டக் கூடாது. அதன் பிறகும் வேலைக்குப் போக, வர, வேலையின் பொருட்டு, டி.யு.ஐ. வகுப்புக்குப் போக, வர மட்டுமே அனுமதி. பள்ளிக்கும் மளிகைக்கும் லிவர்மோர் கோயிலுக்கும் ஓட்டக் கூடாது. கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு கருவி வழி 6 மாதம், கருவியில்லாத வழி 12 மாதம். பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கருவி வழியே பெரும்பாலும் நல்லது.

6. யாருக்கு இந்த வழி அடைபடும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கைதான பின் மூச்சுச் சோதனைக்கோ ரத்தச் சோதனைக்கோ மறுத்தவருக்கு ஓராண்டு நிறுத்தம். அதில் கட்டுப்பாட்டு லைசென்ஸ் கிடையாது. மது இல்லாமல் போதைப்பொருள் மட்டுமே காரணமான வழக்குக்கு இன்டர்லாக் வழி பொருந்தாது. லாரி, பஸ் ஓட்டும் வணிக லைசென்ஸை வைத்துக்கொண்டு இதைப் பெற முடியாது, சாதாரண லைசென்ஸுக்கு இறங்கி வர வேண்டும். 21 வயதுக்குக் கீழ் என்றால் 0.01 சதவீதத்துக்கே ஓராண்டு நிறுத்தம். வேறு போக்குவரத்து இல்லை, ஓட்டியே ஆக வேண்டும் என்று நிரூபித்து அவர்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

7. வகுப்பில் சேர்ந்து சான்று பெறுங்கள். மாநில அரசின் உரிமம் பெற்ற டி.யு.ஐ. பயிற்சி மட்டுமே செல்லும். விளம்பரத்தைப் பார்த்து ஏதோ ஓர் ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டி ஏமாறாதீர்கள். முதல் வழக்குக்குப் பொதுவாக 3 மாத வகுப்பு, மதுவின் அளவு 0.20 சதவீதமோ மேலோ என்றால் 9 மாதம். சேர்ந்ததற்கான சான்று, அதாவது டி.எல். 107, டி.எம்.வி.க்குப் போயிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பாதியில் நின்றால் கட்டுப்பாட்டு லைசென்ஸும் போய்விடும்.

8. எஸ்.ஆர்-22 வாங்குங்கள். உங்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியே டி.எம்.வி.க்குத் தரும் உறுதிச் சான்று இது. 3 ஆண்டுகள் இடைவெளியில்லாமல் இருக்க வேண்டும். ஒரு தவணை தவறி பாலிசி ரத்தானால் கம்பெனி தெரிவித்துவிடும், லைசென்ஸ் மறுபடி நிறுத்தப்படும். ஆகவே தானாகப் பணம் கழியும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். சொந்தக் கார் இல்லாதவர்களுக்கும் தனிப் பாலிசி உண்டு. பிரீமியம் கூடும் என்பதால் நாலு கம்பெனியில் விசாரித்து எடுங்கள்.

9. கருவியை அங்கீகாரம் பெற்றவரிடமே பொருத்துங்கள். பட்டியல் டி.எம்.வி. இணையதளத்தில் இருக்கிறது. நிறுத்தக் காலத்தில் கடைக்குக் காரை நீங்கள் ஓட்டிப் போகக் கூடாது, லைசென்ஸ் உள்ள ஒருவரை ஓட்டச் சொல்லுங்கள். பொருத்தியதற்கான சான்று டி.எல். 920. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டப்படி கட்டணச் சலுகை உண்டு. கடைக்காரர் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

10. எல்லாம் சேர்ந்த பிறகே விண்ணப்பம். வகுப்புச் சான்று, எஸ்.ஆர்-22, கருவிச் சான்று, 125 டாலர் மறுவழங்கல் கட்டணம், கருவிக்கான தனிக் கட்டணம் என்று ஒன்று குறைந்தாலும் காரியம் நிற்கும். கட்டிய ரசீதை லைசென்ஸ் என்று நினைத்து வண்டியை எடுக்காதீர்கள். கட்டுப்பாட்டு லைசென்ஸ் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று டி.எம்.வி. உறுதி செய்த பிறகே ஓட்ட வேண்டும். டி.யு.ஐ. நிறுத்தத்தில் ஓட்டிப் பிடிபட்டால் குறைந்தது 10 நாள் சிறை, அபராதம் தனி.

11. இந்திய லைசென்ஸ் கைகொடுக்காது. நிறுத்தப்படுவது அட்டை மட்டுமல்ல, கலிஃபோர்னியாவில் ஓட்டும் உரிமையே. ஊரிலிருந்து கொண்டுவந்த லைசென்ஸையோ சர்வதேச ஓட்டுநர் அனுமதியையோ காட்டி ஓட்டினாலும் அதே குற்றம்தான்.

12. விசாவில் இருப்பவர்கள் குடிவரவு வக்கீலையும் பாருங்கள். டி.யு.ஐ.க்காகக் கைதானாலே, குற்றம் உறுதியாகும் முன்பே, பாஸ்போர்ட்டில் உள்ள எச்-1பி போன்ற விசாவை அமெரிக்க வெளியுறவுத் துறை ரத்து செய்யலாம். ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன்பும், கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பும் ஆலோசனை கேளுங்கள்.

13. கருவியோடு பழகுங்கள், வீட்டாரையும் பழக்குங்கள். கருவி இல்லாத எந்தக் காரையும் நீங்கள் ஓட்டக் கூடாது, நண்பரின் காரானாலும் சரி. அலுவலக வாகனத்துக்கு மட்டும், முதலாளிக்கு முறைப்படி தெரிவித்திருந்தால், விலக்கு உண்டு. ஓடும்போதும் இடையிடையே ஊதச் சொல்லும். மவுத்வாஷ், இருமல் டானிக் சிலவற்றில் ஆல்கஹால் இருக்கிறது. வாயைத் தண்ணீரில் கொப்பளித்து 15 நிமிடம் கழித்து ஊதுங்கள். வீட்டில் வேறு யார் ஊதினாலும் அதுவும் உங்கள் கணக்கில் பதிவாகும். 60 நாளுக்கு ஒருமுறை கருவியைச் சரிபார்ப்புக்குக் கொண்டுபோக வேண்டும். அடிக்கடி தவறினால் டி.எம்.வி.க்குத் தகவல் போகும்.

14. காலம் முடிந்ததும் முறையாக முடியுங்கள். கெடு தேதி வந்துவிட்டது என்று கருவியை நீங்களாகக் கழற்றாதீர்கள். கட்டுப்பாடு நீங்கியதை டி.எம்.வி.யிடம் உறுதி செய்துகொண்டு, பொருத்தியவரிடமே கழற்றுங்கள். வகுப்பு முடித்த சான்று போய்ச் சேர்ந்ததா என்றும் பாருங்கள். இந்த வழக்கு 10 ஆண்டுகள் கணக்கில் இருக்கும். அதற்குள் இன்னொன்று வந்தால் இரண்டாம் குற்றமாகி, 18 மாத வகுப்பு வரை போகும். விருந்துக்குப் போகும்போது காரை வீட்டிலேயே விட்டுவிட்டு ஊபரில் போங்கள், அல்லது குடிக்காத ஒருவரை ஓட்டச் சொல்லுங்கள். அன்றைக்கு ஒருவர் உயிரும் போகாமல் தப்பியது பெரும் அதிர்ஷ்டம், அதை இரண்டாம் முறை சோதிக்க வேண்டாம்.