ஏரிக்கரைத் தவளையும் நமது கடமையும்

தவளை நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணி. ஒவ்வோர் இனத்துக்கும் தனக்கேற்ற நீர்நிலை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ஊதாத் தவளை 2003-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. விரைந்தோடும் ஓடையில் பாறையைப் பற்றிக்கொள்ள அதன் தலைப்பிரட்டைக்கு உறிஞ்சும் வாய் அமைந்துள்ளது. அந்த ஓடை அழிந்தால் அதற்கு வாழ்வில்லை. அவ்வாறே தாம்பரத்தைச் சுற்றியுள்ள சமவெளித் தவளைகளுக்கு ஏரியோரத்து ஆழமற்ற நீரே ஆதாரம்.

பெருந்தவளையின் வாழ்க்கை

நம் வயல்களில் காணும் பெருந்தவளை ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளம் வளரும். கோடையில் மண்ணுக்குள் பதுங்கிக் கிடக்கும். மழை பெய்ததும் ஆண் தவளை பளிச்சென்ற மஞ்சள் நிறம் அடைந்து, தொண்டையின் இரு பக்கத்திலும் நீலப் பைகள் உப்பக் கத்தித் துணையை அழைக்கும். மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடுமாதலால், பெண் தவளை மீனில்லாத மழைக்குட்டைகளையே பெரும்பாலும் நாடுகிறது. இதன் தலைப்பிரட்டைகள் கொசுப் புழுக்களையும், வளர்ந்த தவளைகள் பயிரைக் கெடுக்கும் பூச்சிகளையும் உண்கின்றன.

முன்னாளில் இத்தவளையின் கால்கள் வெளிநாடுகளுக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயின. 1987-இல் மத்திய அரசு அதைத் தடை செய்தது. இன்று நேரும் அபாயம் வேறு. தாழ்ந்த நிலங்கள் மனைகளாக மேடிடப்படுகின்றன. கழிவுநீர் ஏரியில் கலக்கிறது. தவளை தோலின் வழியாகவும் சுவாசிப்பதால், பூச்சிமருந்தும் சாக்கடை நஞ்சும் அதன் உடலில் எளிதில் புகுகின்றன.

பஞ்சாயத்து செய்யவேண்டியவை

1. ஏரியைத் தூர்வாரும்போது கரையோரம் முழுவதையும் செங்குத்தாக வெட்டாமல், ஓரிடத்திலாவது சரிவான ஆழமற்ற பகுதியை விடவேண்டும்.

2. மழைநீர் தேங்கும் புறம்போக்குக் குட்டைகளில் குப்பை கொட்டவும் மண் நிரப்பவும் இடங்கொடுக்கலாகாது.

3. கழிவுநீர் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் வராதபடி தடுக்கவேண்டும்.

4. கொசுவை ஒழிப்பதற்கென வெளிநாட்டுக் கம்பூசியா மீனைக் குட்டைகளில் விடக்கூடாது. அது தலைப்பிரட்டைகளையும் தின்றுவிடும்.

5. விவசாயிகள் பூச்சிமருந்தைத் தேவையறிந்து அளவோடு தெளிக்கவேண்டும். தெளிப்பான்களை நீர்நிலையில் கழுவலாகாது.

இவை தவளைக்காக மட்டும் செய்வன அல்ல. தவளை முட்டையிடும் தாழ்ந்த நிலமே பெருமழை நீரையும் ஏந்துகிறது. அந்த இடம் குறைந்தால் நீர் வீடுகளுக்குள் புகும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மக்கள் அனுபவித்து அறிந்தனர். அருகிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு நீரளிக்கும் ஏரிகளையும் குட்டைகளையும் காப்பது அந்தந்த ஊராரின் பொறுப்பு. மழையிரவில் தவளையின் குரல் கேட்கும் ஊரில் நீருக்கு இன்னும் இடமிருக்கிறது என்று கொள்ளலாம்.