இறங்குவதற்கு மிச்சம் வையுங்கள்

முதல்முறை மலையேறக் கிளம்பும் பிள்ளைகள் கேட்பதெல்லாம் உச்சியைப் பற்றித்தான். எத்தனை அடி உயரம், எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம், மேலிருந்து என்னென்ன தெரியும்? எப்படி இறங்குவது என்று கேட்பவர்கள் குறைவு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் காலை முறித்துக்கொண்டவர்களையும் வழிதவறியவர்களையும் நான் பெரும்பாலும் பார்த்தது திரும்பும் வழியில்தான். அதனால் இங்கே சொல்வதில் இறக்கத்துக்கு நிறைய இடம் இருக்கும்.

1. மாடிப்படியில் ஏறிப் பழகுகிறவர்கள் லிப்டில் இறங்கிவிடுகிறார்கள். படியிலேயே இறங்குங்கள், முதுகில் பையோடு. ஏற்றத்தில் திணறுவது மூச்சு. அதைச் சற்று நின்று ஆற்றிக்கொள்ளலாம். இறக்கத்தில் உடம்பின் பாரம் முழுவதும் முன்தொடையிலும் முட்டியிலும் விழுகிறது. சோர்ந்த தொடை நடுங்க ஆரம்பித்தால் சிறிது நேரம் உட்கார்ந்து எழுந்தாலும் சரியாகாது. இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். வெள்ளியங்கிரியில் பாதி மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்களில் இளைஞர்களும் உண்டு.

2. புதுக் காலணி வேண்டாம். ஒரு மாதமாவது ஊருக்குள் போட்டு நடந்திருக்க வேண்டும். முந்தின நாள் கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கும்போது விரல் நுனி காலணியில் மோதி மோதி நகம் கன்றிப்போகும். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை ஏளனமாகப் பார்க்காதீர்கள். அதன் முழுப் பயனும் இறக்கத்தில்தான் தெரியும்.

3. ஒரு பகல் நடைக்கு ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், எலுமிச்சைச் சாதம், கடலைமிட்டாய், டார்ச், மழைக்கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். போடியில் வியர்த்து வழிந்தவர் கொழுக்குமலை விடியற்காலையில் பல் கிட்டி நிற்பார். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, குளிரை உடம்போடு ஒட்டவைக்கும்.

4. அட்டைக்குப் பயப்பட வேண்டியதில்லை. காலுறைக்குள் கால்சட்டையைச் செருகி, உப்போ மூக்குப்பொடியோ தடவிக்கொண்டால் போதும். கடித்த இடத்தில் ரத்தம் சற்று நேரம் கசியும். ரத்தம் உறையாதிருக்க அட்டை எதையோ செலுத்திவிட்டுப் போகிறது. கழுவித் துடைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

5. தீயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த இளைஞர்களும் பெண்களும் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். அந்தப் பெயர்களை நாளிதழில் படித்த காலையின் வலி எனக்கு இன்னும் ஆறவில்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சரிவுகளில் ஆள் உயரப் புல் காய்ந்து நிற்கும். சமவெளித் தீயை வைத்து மலைத்தீயைக் கணக்கிட முடியாது. தீயின் வெப்பம் மேல்நோக்கிப் போவதால் மேலிருக்கும் புல் எரிவதற்கு முன்பே உலர்ந்து சூடேறிவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே கீழே தீ தெரிந்தால் நேர் மேலே ஓடாதீர்கள், உங்களால் அதை முந்த முடியாது. பக்கவாட்டில் நகர்ந்து வெறும்பாறை, ஓடை, ஈரமான சோலைக்காடு, ஏற்கெனவே எரிந்து ஆறிய தரை, இவற்றில் ஒன்றைச் சேருங்கள். புல்லுக்குள் ஒளியாதீர்கள். இதையெல்லாம் விட முக்கியம், தீக்காலத்தில் வனத்துறை மூடிய பாதையில் கால் வைக்காமல் இருப்பது. அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்பவரை, அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்க்கும்வரை நம்பாதீர்கள்.

6. ஐப்பசி, கார்த்திகையில் ஓடைகள் பொல்லாதவை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ உடனே கரையேறி உயரமான இடத்துக்குப் போய்விடுங்கள். காலையில் கணுக்கால் அளவில் கடந்த ஓடை மாலையில் இடுப்பளவு ஓடினால் காத்திருங்கள். மழை விட்டதும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். பசித்தாலும் இருட்டினாலும் இந்தக் கரையிலேயே இருங்கள்.

7. ஈரம் காயாத யானை லத்தியைக் கண்டால் பேச்சை நிறுத்திவிட்டு முன்னால் போகும் வழிகாட்டியைப் பாருங்கள். அவர் திரும்பு என்றால் மறுகேள்வி கேட்காமல் திரும்புங்கள். பொதிகையில் காணிப் பழங்குடியினரும் போடி மலையில் முதுவர்களும் தலைமுறை தலைமுறையாக நடந்த பாதைகள் இவை. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படுத்தித் திறந்தபோது அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்களையும் வழிகாட்டிகளாக்கியது. எனக்கு அதில் பெரிய நிறைவு. அவர்களை ஒருமையில் கூப்பிடாதீர்கள், பையைச் சுமக்கச் சொல்லாதீர்கள்.

8. குழுவில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். கடைசியில் விட்டால், அவர் வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் ஓய்வெடுத்துக் கிளம்பிவிடுவார்கள். அவருக்கு ஓய்வே கிடைக்காது. சோர்ந்தவர்தான் வழுக்கி விழுவார்.

9. பாறையில் ஏறுவது எளிது. அடுத்த பிடி கண்ணெதிரே இருக்கும். இறங்கும்போது காலுக்குக் கீழே எதுவும் தெரியாது. கயிறும் கற்றுக்கொடுப்பவரும் இல்லாமல், திரும்பி இறங்க முடியும் என்று உறுதியாகத் தெரியாத பாறையில் ஏறாதீர்கள். மழைக்காலப் பாசிக்கு எந்தக் காலணியும் நிற்காது.

10. கிளம்பும்போதே திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பகல் 1 மணி என்றால் 1 மணிதான். உச்சி அரை மணி நேரத் தூரத்தில் தெரிந்தாலும் திரும்புங்கள். மார்கழியில் 6 மணியை ஒட்டிச் சூரியன் மறையும், சோலைக்குள் அதற்கும் முன்பே இருட்டிவிடும். திரும்பும் நேரத்தில் தண்ணீரில் பாதியும் சாப்பாட்டில் ஒரு பங்கும் பையில் இருக்க வேண்டும்.

11. கீழே வந்ததும் களைப்பில் நேராகப் பேருந்து ஏறிவிடாதீர்கள். சோதனைச்சாவடியில் பெயர் கொடுத்திருந்தால் வந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கும் ஒரு போன் செய்யுங்கள். நீங்கள் சொல்ல மறந்தால், வனக்காவலர்களும் ஊர்க்காரர்களும் யானை நடமாடும் காட்டுக்குள் இருட்டில் உங்களைத் தேடிக்கொண்டு ஏறுவார்கள்.