வீடு மாறும் நாளில் யாருக்கு, எவ்வளவு, எப்போது கொடுப்பது?

சென்னையில் வீடு மாற்றுபவர்கள் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கம்பெனியிடம் ஒரு வாரம் பேரம் பேசுவார்கள். சாமானைத் தூக்கியவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதை மட்டும் கடைசி நேரத்தில், களைத்துப்போய் வாசலில் நின்று பர்ஸைத் துழாவும்போதுதான் யோசிப்பார்கள். நாம் பேசிய தொகை கம்பெனிக்குப் போகிறது. அதிலிருந்து ஆளுக்கு என்ன கூலி என்பது நமக்குத் தெரியாது. வருகிறவர்களில் பலர் அன்றைய வேலைக்கு மட்டும் கூப்பிடப்பட்ட தினக்கூலிகள். அதனால் டிப்ஸ் கொடுப்பதையும் மற்ற செலவைப் போலவே முன்கூட்டித் திட்டமிட வேண்டும்.

முதல் வேலை விலை பேசும்போதே இருக்கிறது. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாடிக்கு இவ்வளவு, கட்டில் பிரித்து மாட்ட இவ்வளவு, ஏசி கழற்ற இவ்வளவு என்று எல்லாவற்றையும் கேட்டு, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் தெளிவாக்கி, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். லிஃப்ட் இல்லை, தெருவுக்குள் லாரி வராது, குட்டி யானைதான் வரும் என்றால் அதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். இதை மறைத்தால் அந்தச் சுமை கடைசியில் தூக்குகிறவர் முதுகில்தான் இறங்கும். பிறகு அவர் கூடுதலாகக் கேட்கும்போது அது கூலியா டிப்ஸா என்று இருவருக்குமே தெரியாமல் சண்டையில் முடியும். பேசாமல் விட்ட வேலைக்கு உரிய கூலியை டிப்ஸாக நினைத்துக் கொடுக்காதீர்கள். கூலி கூலிதான், அதைக் கம்பெனி கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது தொகை. பில்லில் இத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுவதை நான் ஏற்பதில்லை. தூரம் கூடினாலும் அட்டைப்பெட்டி கூடினாலும் பில் ஏறும். தூக்கியவரின் உழைப்பு அதில் தெரியாது. ஆளுக்கு இவ்வளவு என்று வையுங்கள். லிஃப்ட் உள்ள சின்ன வீடு, அரை நாள் வேலை என்றால் ஆளுக்கு 150 முதல் 200 ரூபாய். இரண்டு படுக்கையறை வீடு, நாள் முழுக்க வேலை என்றால் 300. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, மழை, நல்ல நேரத்துக்காக விடியற்காலையில் வரச் சொன்னது என்று ஏதாவது சேர்ந்தால் 400, 500. இது என் கணக்கு. உங்கள் கை இடம் கொடுக்காவிட்டால் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி குறையுங்கள்.

மாடிப்படியில் நின்று ஒருமுறை பார்த்தால் தொகை தானாகவே மனதில் வந்துவிடும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் ஒன்று சாதாரணமாக 60, 70 கிலோ இருக்கும். ஒரு ஆண் தொழிலாளி தனியாகச் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. நம் ஊரில் அந்த மெஷினை ஒரே ஆள் பட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு இறக்குவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். இரண்டு பேர் பீரோவை இறக்கும்போது கீழே நிற்பவர் மீதுதான் பாரம் அதிகம். படி திரும்பும் இடத்தில் பீரோவை நிமிர்த்திச் சுவரில் உரசாமல் திருப்ப வேண்டும். அப்போது அவர் கால் அடுத்த படியைத் தடவித்தான் கண்டுபிடிக்கிறது. அந்த இடத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள், படியிலிருக்கும் செருப்பையும் பூந்தொட்டியையும் முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

முந்தின நாளே ஏடிஎம்முக்குப் போய் 100, 200 ரூபாய் நோட்டுகளாக எடுத்து, சட்டைப்பையிலோ கைப்பையிலோ தனியாக வையுங்கள். அலமாரியில் வைத்தால் அதுவும் பெட்டிக்குள் போய்விடும். ஜிபே பண்ணிவிடலாம் என்று இருந்தால் பணம் ஒருவர் எண்ணுக்குத்தான் போகும். மற்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

பணத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவையும் உண்டு. குடிதண்ணீர் கேனை மட்டும் கடைசிவரை கட்டாதீர்கள். பதினொரு மணிக்கு டீயும் வடையும், மதியம் தாண்டினால் சாப்பாடு. சைவமா அசைவமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். புது வீட்டில் பால் காய்ச்சினால் அவர்களுக்கும் ஒரு டம்ளர். வந்தவுடனேயே “அண்ணே, பாத்ரூம் அந்தப் பக்கம் இருக்கு” என்று சொல்லிவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு நாள் முழுக்க அடக்கிக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நாம் பயன்படுத்தும் கழிப்பறையை அவர்களுக்கு மறுத்துவிட்டு 500 ரூபாய் கொடுப்பதில் எந்த மரியாதையும் இல்லை. உங்களைவிட வயதில் சிறியவராக இருந்தாலும் “வா, போ” வேண்டாம்.

கொடுக்கும் நேரம், எல்லாம் இறக்கி, கட்டில் மாட்டி, பெட்டிகளைப் பட்டியலோடு சரிபார்த்த பிறகு. நடுவில் யாராவது டீ காசு கேட்டால், டீ வாங்கித் தந்துவிட்டு, “முடிச்சதும் எல்லாருக்கும் தனியாத் தர்றேன்” என்று சொன்னால் போதும். முடிந்ததும் ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுங்கள். சூப்பர்வைசரிடம் மொத்தமாகக் கொடுத்துப் பிரிக்கச் சொல்வது வேண்டாம். அவரும் தூக்கியிருந்தால் அவருக்கும் அதே பங்கு. டிரைவர் வண்டியை மட்டும் ஓட்டினாரா, கையும் கொடுத்தாரா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஏதாவது உடைந்திருந்தால்? உடனே போட்டோ எடுத்து, சாமான் பட்டியலிலேயே எழுதி, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிக் கம்பெனிக்கும் அனுப்புங்கள். இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் அதற்கும் இந்தக் காகிதம்தான் ஆதாரம். நஷ்டஈடு கம்பெனியோடு பேச வேண்டிய விஷயம். தவறி விழுந்த ஒரு கண்ணாடிக்காக நாலு பேர் டிப்ஸைப் பிடிப்பது நியாயமில்லை. வேண்டுமென்றே அலட்சியமாகத் தூக்கி எறிந்தவருக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

“இன்னும் 3,000 கொடுத்தாத்தான் இறக்குவோம்” என்று லாரியை மறித்து நின்றால் அது டிப்ஸே அல்ல. குரலை உயர்த்தாமல், எழுத்தில் உள்ள விலையைக் காட்டி, அவர்கள் எதிரிலேயே கம்பெனிக்குப் போன் போடுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் 100-ஐ அழையுங்கள்.

வெளியூர் மாறும்போது பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. சென்னையில் கட்டி ஏற்றிய ஆட்கள் பெரும்பாலும் கோயம்புத்தூரில் இறக்க வர மாட்டார்கள். அங்கே வேறு ஆட்கள். அதனால் தொகையை இரண்டாகப் பிரித்து, ஏற்றியவர்களுக்கு லாரி கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள். இரவெல்லாம் ஓட்டி வந்த டிரைவருக்குத் தனியாக ஒரு பங்கு எடுத்து வையுங்கள்.

பழைய நாற்காலி, மெத்தை, துணிமணிகளை டிப்ஸுக்குப் பதிலாகத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. பணத்தைக் கொடுத்த பிறகு, “இது உங்களுக்கு உபயோகப்படுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்; அதையும் அவர்கள்தான் மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.