பின்விசையாற் குவியங் காணல்

முட்டத்துப் பாறைகளில் அலை மோதிச் சிதறுங் காட்சியைப் படமாக்க விழையும் நமக்கு ஓர் இடருண்டு. டிஜிட்டல் கேமராவின் மேல்விசையைப் பாதி அழுத்தத் தெளிவு தரும் குவியமும், முழுதும் அழுத்தப் படமும் அமைதல் பொதுவழக்கு. ஆதலின் ஒவ்வொரு படத்திற்கும் கருவி குவியத்தைப் புதிதாய்த் தேடும். பாறையை விட்டுத் திவலையைப் பற்றுதலும் உண்டு. அதற்குள் அலை மடிந்துவிடும்.

இவ்விடர் தீரக் குவியப் பணியைப் பின்புற விசையொன்றிற்கு மாற்றலாம். 1989இல் வெளிவந்த கானன் ஈஓஎஸ் 630 என்னும் பிலிம் கேமராவிலேயே இவ்வசதி இருந்தது.

தொடர்குவிய முறையை அமைத்து, பெருவிரலாற் பின்விசையை அழுத்திப் பாறையிற் குவியங் கண்டு விரலை எடுப்பின், அஃது அங்கேயே நிலைக்கும். மேல்விசை அதனைத் தொடாது. கரைநோக்கி வரும் வள்ளத்திற்கோ, விரலை எடாது அழுத்தியிருத்தல் வேண்டும். நாம் இடம்பெயரின் மீண்டும் குவியங் காண மறவாதிருப்போமாக.