கியர் லிவர் சொல்வதும் கியர்பெட்டி செய்வதும்

பாடத்தின் நோக்கம்: பழைய ஓட்டோ கியர் வேன்களில் கியர் லிவரின் இணைப்புத் தேய்ந்திருப்பதை நாமே கண்டறிதல், வீண் செலவையும் விபத்தையும் தவிர்த்தல்.

2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் ஏற்பட்ட மண்சரிவும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளும் மலையகத்தில் பல குடும்பங்களை இருந்த இடத்தைவிட்டுப் பெயர்த்தன. குடியிருப்பு ஒரு மலையிலும் மரக்கறித் தோட்டம் வேறொரு மலையிலுமாக வாழ வேண்டிய நிலை பலருக்கு வந்துள்ளது. லீக்சையும் கரட்டையும் கோவாவையும் நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்திற்குக் கொண்டுசெல்லவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் டவுன்ஏஸ், லைட்ஏஸ், டொல்பின் போன்ற பழைய வேன்களே கைகொடுக்கின்றன. இவற்றுள் ஓட்டோ கியர் உள்ளவையும் உண்டு. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய வேன் நின்றுவிட்டால் அத்தனை குடும்பங்களின் வருமானமும் நின்றுவிடுகிறது. ஆகவே இந்த இதழில் இதனைப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

1. லிவர் எப்படி வேலை செய்கிறது?

சாரதி பிடிக்கும் லிவர் நேரடியாகக் கியர்பெட்டிக்குள் செல்வதில்லை. அதன் அடியிலிருந்து ஓர் இரும்புக் கம்பி அல்லது கேபிள் புறப்பட்டு, கியர்பெட்டியின் பக்கத்திலுள்ள சிறிய கையை அசைக்கிறது. இவை சேரும் இடங்களில் நைலோன் அல்லது ரப்பர் புஷ் இருக்கும். காலம் செல்லச் செல்ல புஷ் தேய்ந்து துளை பெரிதாகிறது. வெள்ளத்திலும் சேற்றிலும் நின்ற வாகனத்தில் மணல் புகுந்து இத்தேய்வு இன்னும் விரைவாகும்.

புஷ் தேய்ந்தால் லிவர் 'பி' என்று காட்டும். கியர்பெட்டியோ 'ஆர்' நிலையில் அல்லது இரண்டுக்கும் இடையில் நிற்கும். லிவர் சொல்வது ஒன்று, கியர்பெட்டி செய்வது வேறொன்று. இதுவே இப்பாடத்தின் மையக் கருத்து.

இது பழைய வாகனங்களுக்கு மட்டும் உரிய குறையன்று. 2022 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் ஃபோர்ட் நிறுவனம் ஏறக்குறைய 29 இலட்சம் வாகனங்களைத் திருத்தத்திற்காகத் திருப்பி அழைத்தது. கியர் கேபிளைப் பிடித்திருக்கும் ஒரு புஷ் சிதைந்து கழன்றுவிடலாம், 'பி'யில் நிறுத்தியதாகச் சாரதி நம்பும் வாகனம் உருண்டுவிடலாம் என்பதே காரணம்.

2. அறிகுறிகள்

- லிவர் தளர்ந்து ஆடும்; ஒவ்வொரு நிலையிலும் விழும் 'டக்' என்ற பிடிப்பு மங்கிவிடும்.
- 'பி'யில் ஸ்டார்ட் ஆகாது. லிவரைச் சற்று ஆட்டினால் ஸ்டார்ட் ஆகும்.
- 'பி'யில் நிற்கும்போது பின்செல்லும் விளக்கு எரியும்.
- 'டி'யில் போட்டும் வாகனம் நகரத் தாமதிக்கும். லிவரை இன்னும் சற்று இழுத்தால் நகரும்.
- இறக்கத்தில் 2 அல்லது 'எல்' போட்டாலும் என்ஜின் வாகனத்தை இழுத்துப் பிடிக்காது.

கடைசி அறிகுறி மலைநாட்டில் மிகவும் முக்கியமானது. நானுஓயா ரதல்ல குறுக்கு வீதி எவ்வளவு செங்குத்தானது என்பதை நாம் அறிவோம். 2023 ஜனவரி 20இல் அங்கு நடந்த விபத்தில் 7 பேர் உயிரிழந்தனர். இத்தகைய இறக்கங்களில் சிறிய கியர் விழாவிட்டால் பாரம் முழுவதும் பிரேக்கின் மேலேயே விழும்; பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

3. சோதிக்கும் முறை

சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சில்லுகளின் இருபுறமும் கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வாகனத்தின் அடியில் செல்லக் கூடாது.

முதலாவது: பிரேக்கை அழுத்தியபடி ஒவ்வொரு நிலையிலும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். முன்னும் பின்னும் எவரும் நிற்கக் கூடாது. 'பி'யிலும் 'என்'னிலும் மட்டுமே ஸ்டார்ட் ஆக வேண்டும். வேறு நிலையில் ஸ்டார்ட் ஆனால் வாகனத்தை ஓட்டாமல் திருத்துங்கள்.

இரண்டாவது: என்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் லிவரை மெதுவாக அசைக்க, மற்றவர் அடியில் பார்க்க வேண்டும். மேலே லிவர் அசைந்தும் கியர்பெட்டியின் கை அசையாமல் நின்றால் இடையில் தேய்வு உண்டு. லிவரின் அடி, கம்பியின் இரு முனைகள், கியர்பெட்டிக் கையின் நட் ஆகியவற்றைத் தனித்தனியே விரலால் ஆட்டிப் பாருங்கள்.

மூன்றாவது: வாகனம் இல்லாத சமவீதியில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் சென்று, 'டி'யிலிருந்து 2க்கும் பின்னர் 'எல்'லுக்கும் மாற்றி, காலை எடுங்கள். என்ஜின் சத்தம் உயர்ந்து வாகனம் பிடித்து இழுக்கப்படுவதை உணர வேண்டும்.

4. குறை லிவரிலா, கியர்பெட்டியிலா?

எல்லா நிலைகளும் சரியாக விழுந்தும், ஏற்றத்தில் என்ஜின் இரைய வாகனம் ஏறாமல் நின்றால், குறை கியர்பெட்டிக்குள் இருக்கலாம். அதற்குரிய ஒயிலைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் முதலில் கசிவைத் தேடுங்கள். சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் கறுத்துக் கருகிய மணம் வீசினால் உள்ளே தட்டுகள் எரிந்துள்ளன.

ஆனால் புஷ்ஷைப் பார்க்காமல் கியர்பெட்டியை இறக்கச் சம்மதிக்க வேண்டாம். புஷ்ஷுக்குச் சிறு தொகை போதும். கியர்பெட்டிக்கோ ஒரு போகத்து மரக்கறிப் பணமே போய்விடும். மறுபுறம், தேய்ந்த புஷ்ஷோடு ஓட்டிக்கொண்டேயிருந்தால் கியர் அரைகுறையாக விழுந்து, ஒயில் அமுக்கம் குறைந்து, நல்ல கியர்பெட்டியும் எரிந்துபோகும்.

5. திருத்தம்

புதிய புஷ் போட்டபின் கம்பியின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். வழக்கமான முறை இது: கம்பியின் நட்டைத் தளர்த்தி, கியர்பெட்டியின் கையை 'பி' பக்கத்து முடிவுவரை தள்ளி, அங்கிருந்து இரண்டு 'டக்' திருப்பினால் 'என்' வரும். மேலே லிவரையும் 'என்'னில் வைத்து நட்டை இறுக்க வேண்டும். பின்னர் மூன்று சோதனைகளையும் மீண்டும் செய்யுங்கள். பழக்கமில்லாதவர்கள் இதனை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. அருகில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

புஷ் கிடைக்காவிட்டால் லேத் கடையில் நைலோனில் கடைந்து தரச் சொல்லலாம். அது ஆடாமல் பொருந்த வேண்டும். கிளிப்பும் இருக்க வேண்டும். கம்பியால் கட்டுவதும், ரப்பர் குழாய்த் துண்டைச் செருகுவதும் திருத்தம் ஆகா. 'பி'யில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சுவிட்ச் வயரை நேரடியாக இணைப்பது மிகவும் ஆபத்தானது. அப்போது கியரில் இருக்கும்போதே என்ஜின் ஸ்டார்ட் ஆகி வாகனம் பாயலாம்.

6. சரிவில் நிறுத்தும் ஒழுங்கு

'பி'யில் வாகனத்தைப் பிடித்திருப்பது கியர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறிய இரும்பு நாக்கு மாத்திரமே. எனவே கால் பிரேக்கில் நிறுத்தி, 'என்'னில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். காலைச் சற்றுத் தளர்த்தி, பாரம் ஹேண்ட் பிரேக்கில் நிற்கிறதா என்று பாருங்கள். அதன்பின் 'பி' போடுங்கள். முன்சில்லை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, சில்லுக்குக் கட்டை வையுங்கள். மூட்டை ஏற்றும்போது பிள்ளைகளை வாகனத்தின் கீழ்ப்பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.

குழுவில் கலந்துரையாட:

1. நமது குடியிருப்பில் எத்தனை ஓட்டோ கியர் வேன்கள் உள்ளன? அவற்றை ஒரே நாளில் சேர்ந்து சோதிக்க முடியுமா?
2. ஒவ்வொரு வேனிலும் இரண்டு நல்ல மரக்கட்டைகள் உள்ளனவா?
3. பொதுவாக வைத்திருக்கும் வேனுக்கு மாதந்தோறும் திருத்தப் பணம் சேர்ப்பது யார் பொறுப்பு?