ஹாபிட்டன் ஆலைக்காரர் – ஒரு பாத்திர நோக்கு

நெடுங்கதைகளை ஆராயப் புகும் நாம் தலைவனையும் பகைவனையும் நோக்குமளவு, ஓரிரு காட்சிகளில் வந்து மறையும் சிறு மாந்தரை நோக்குவதில்லை. ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன் 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் நெடுங்கதையில் அத்தகைய குடும்பம் ஒன்று உண்டு. ஹாபிட்டுகள் எனப்படும், உருவிற் சிறிய மக்கள் வாழும் ஷயர் என்னும் கற்பனை நாட்டில், ஹாபிட்டன் என்னும் சிற்றூரின் நீரோடைக் கரையில் மாவாலை நடத்தும் சாண்டிமேன் குடும்பமே அது. தந்தை, மகன் என இருவரையே ஆசிரியர் காட்டுகிறார்.

தந்தை முதல் இயலில், மதுச்சாலைப் பேச்சினிடையே தோன்றுகிறார். கதைத்தலைவன் ஃப்ரோடோவின் பெற்றோர் படகில் சென்று ஆற்றில் மூழ்கி இறந்தவர்கள். மனைவி கணவனைத் தள்ளினாள், அவன் அவளையும் உடன் இழுத்துக்கொண்டான் எனத் தாம் கேள்வியுற்றதாக ஆலைக்காரர் இடைபுகுந்து உரைக்கிறார். ஊரார் தானியம் வந்து சேருமிடத்தில் ஊர்ப்பேச்சும் வந்து சேரும் போலும்! அடுத்த இயலில் மகன் டெட் வருகிறான். நாட்டெல்லைக்கப்பால் நிகழும் விந்தையான மாறுதல்களைத் தோட்டக்காரன் சாம் கவலையோடு எடுத்துரைக்க, டெட் எள்ளி நகையாடுகிறான். கூடியிருந்தோரும் அவனோடு சேர்ந்தே சிரிக்கின்றனர். இவை வெறும் நகைச்சுவைக் காட்சிகள் என்று கருதி விரைந்து கடந்துவிடுவோர் பலர்.

நெடும்பயணம் முடித்துச் சாம் முதலிய நால்வர் ஊர் திரும்பும்போது பழைய ஆலை அங்கில்லை. லோத்தோ என்னும் பேராசைக்காரன் அதனை விலைக்கு வாங்கி இடித்து, அயலாரைக் கொண்டு பெரிய ஆலை ஒன்றை எழுப்பிச் சக்கரங்களாலும் பொறிகளாலும் நிரப்பியிருந்தான். மிகுதியாகவும் விரைவாகவும் அரைத்தல் வேண்டும் என்பது அவன் எண்ணம். காட்டன் என்னும் உழவர் இதனை எடுத்துரைக்கும் பகுதி நாம் ஊன்றிப் படிக்கத்தக்கது. அரைப்பதற்கு முதலில் தானியம் வேண்டுமன்றோ? ஆலை பெருத்தமையால் வயலின் விளைச்சல் பெருகிவிடவில்லை. பழைய ஆலைக்கு இருந்த வேலையே புதியதற்கும் இருந்தது. பின்னர்ச் சாருமான் என்னும் கொடியவன் வந்தபின் மாவரைத்தலே நின்றுபோயிற்று. இரவிலும் ஓயாத சம்மட்டியொலியும் புகையுமே எஞ்சின. ஓடையில் வேண்டுமென்றே கொட்டப்பட்ட கழிவு பேராறு வரை பரவலாயிற்று.

தந்தை எவர்க்கும் பணியாது தமக்குத் தாமே தலைவராய்த் தொழில் நடத்திய அதே இடத்தில், மகன் அயலாரின் சக்கரங்களைத் துடைக்கிறான். ஊரே வருந்த, அவன் ஒருவனே மகிழ்கிறான். தன் உடைமை பறிபோனதை உணராமை மட்டுமன்று, அதனை உயர்வென்றே கருதித் திரும்பி வந்த சாமையும் அவன் நகைக்கிறான். அன்று மதுச்சாலையில் கேட்ட அதே சிரிப்புத்தான் இது. இம்முறை உடன்சிரிப்பார் எவருமிலர்.

இப்பாத்திரங்களின் வித்து டோல்கீனின் இளமையில் உள்ளது. 1896 முதல் 1900 வரை அவர் பர்மிங்காம் நகரையடுத்த சேர்ஹோல் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். அங்கிருந்த ஆலையிலும் ஒரு தந்தையும் மகனுமே தொழில் நடத்தினர். அந்நாளில் அவ்வாலை பெரிதும் உரத்திற்காக எலும்பு அரைத்தது. வெண்தூசி படிந்த ஆடையோடு நின்ற மகனைச் சிறுவர் டோல்கீனும் அவர் தம்பியும் கண்டு அஞ்சினர். ‘வெள்ளை அரக்கன்’ என்று அவனுக்குப் பெயருமிட்டனர். நூலின் பிற்பதிப்பு முன்னுரையில் ஆசிரியரே இதனை நினைவுகூர்ந்து, கருந்தாடி கொண்ட முதிய ஆலைக்காரரின் பெயர் சாண்டிமேன் அன்று எனவும் தெளிவுபடுத்துகிறார். சேர்ஹோல் ஆலை 1969 முதல் அருங்காட்சியகமாகப் பேணப்பட்டு வருகிறது.

ஆசிரியர்பால் நமக்கு ஒரு குறையும் உண்டு. சிறுவயது அச்சம் அவர் எழுதுகோலை ஓரளவு ஆட்டுவித்துவிட்டதோ என ஐயுறுகிறோம். சாமின் தந்தை தோட்டம் போற்றும் திறத்தைப் பாராட்டும் ஆசிரியர், ஆலைக்காரரை ஒருமுறையேனும் தொழில் செய்யும் நிலையில் காட்டினாரில்லை. ஊரார் உண்ட ரொட்டிக்கு மாவு தந்த கைகள் அவருடையவை அல்லவா? தந்தைக்கு இயற்பெயரும் சூட்டப்படவில்லை. டெட் பின்னர் என்ன ஆனான் என்பதையும் கூறாமலே கதை முடிகிறது.