ஊசியில்லா அக்குபஞ்சரும் நமது முழங்கால்களும்

கடைக்காரன் முழங்காலுக்கு ஓய்வென்பது கிடையாது. காலையில் கடை திறந்தது முதல் இரவு கல்லாவைப் பூட்டும்வரை நிற்கிறோம், அரிசி மூட்டை தூக்குகிறோம், கீழ்த்தட்டுச் சாமானுக்காகக் குந்துகிறோம். நாற்பதைத் தாண்டியதும் ஸுஜூதிலிருந்து எழத் தரையில் கையூன்ற வேண்டியதாகிறது. மெர்லிமாவில் நம்மவர் நாலுபேர் கூடினால் வியாபாரப் பேச்சுக்கு அடுத்தது முழங்கால் பேச்சுத்தான். "ஊசி குத்தாமலே அக்குபஞ்சர் உண்டாமே, பலிக்குமா?" என்று சகோதரர்கள் பலர் கேட்டபடியால் விசாரித்தறிந்ததை எழுதுகிறோம்.

முதலில் நோயை அறிய வேண்டும். முழங்காலில் எலும்புகள் சந்திக்குமிடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அதற்கு இரத்தக்குழாய் கிடையாது. ஆகையால் தேய்ந்தது தோலைப்போல் மீண்டும் வளர்ந்து மூடுவதில்லை. அமுக்கியோ சூடுகாட்டியோ அதை முளைக்கச் செய்வோமென்று எவர் சொன்னாலும் நம்பலாகாது. குறையக்கூடியவை வலியும் விறைப்பும்தான்.

ஊசியில்லா முறைகளில் லேசர் ஒளி ஒன்று. ஆஸ்திரேலியாவில் நடந்து 2014இல் வெளியான பரீட்சையில் ஐம்பது வயதைக் கடந்த 282 பேர் சேர்ந்தனர். சிலருக்கு ஊசி, சிலருக்கு லேசர், சிலருக்கு ஒளியே வராத போலி லேசர். ஊசியும் லேசரும் போலியைவிட மேலான பலனைத் தரவில்லை. லேசருக்கென்று வெள்ளியைக் கொட்டுமுன் இதை யோசிக்க வேண்டும்.

விரலால் அமுக்கும் முறையின் கதை சற்று வேறு. ஹாங்காங்கில் நடந்து 2024இல் வெளியான பரீட்சையில் 314 பேர். பாதிப்பேருக்கு இரண்டு வகுப்பில் அமுக்கக் கற்றுக்கொடுத்து, தினம் இருவேளை வீதம் 12 வாரம் தாங்களே செய்யச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு முழங்கால் பராமரிப்புப் பாடம் மாத்திரம். அமுக்கியவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. எவ்வளவு? பத்துக்குச் சுமார் அரை மதிப்பெண்! சொற்ப லாபந்தான், ஆனால் முதல் போடாத வியாபாரம். சீனர் 'சூ சான் லி' என்னும் இடம், முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரலகலத்தில், முன்னெலும்புக்கு வெளிப்பக்கம் ஒரு விரல் தள்ளி இருக்கிறது. கட்டைவிரலால் நிதானமாக அமுக்கலாம். நம் நாட்டு வர்ம வைத்தியரும் விரலால் தொடுகிறவர்தாம். இரத்தமெடுக்கும் ஹிஜாமாவை இக்கணக்கில் சேர்க்கலாகாது. அதில் தோலைக் கீறுகிறார்கள்.

மாசிபத்திரி இனத்து இலையைச் சுருட்டிக் கொளுத்திச் சின்சேமார் சூடுகாட்டுவதும் உண்டு. இதமாயிருக்கும் என்பது மெய். ஆனால் நம்மவரில் இனிப்புநீர்க்காரர் அதிகம்; கால் மரத்தவருக்குச் சுடுவது தெரியாது. நம் உறவினர் ஒருவர் முழங்காலில் கொப்புளம் கண்டு, புண் ஆற மூன்று மாதமாயிற்று. மரத்த காலுக்குச் சூடு கூடவே கூடாது.

இனி நம் கடைத்தட்டைப் பற்றி. எழுத வெட்கமாயிருக்கிறது. மூட்டுவலி மாஜூன் ஒன்றை நாம் விற்றோம். பெரியவர் ஒருவர் மாதந்தோறும் வாங்கினார். வலி பறந்ததென்று துஆச் செய்தார். சில மாதத்தில் அவர் முகம் பூரித்து வீங்கியது, இனிப்புநீர் ஏறியது. ஸ்டீராய்டு கலந்திருக்குமென்று டாக்டர் சந்தேகித்தார். அன்று புட்டியைத் திருப்பிப் பார்த்தோம், மால் எண் இல்லை. இத்தகைய சரக்குகளில் டெக்ஸாமெதசோன் கலந்திருப்பதை சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. பதிவான பாரம்பரிய மருந்தில் 'மால்' என்பதற்குப்பின் எட்டு இலக்கமும் 'டி' எழுத்தும் இருக்கும். இல்லாத சரக்கை இறக்காதீர்கள். பல நாள் சாப்பிட்டவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து; புட்டியோடு டாக்டரிடம் போகவேண்டும்.

வைத்தியரிடம் போவோர், 2016ஆம் வருஷத்துப் பாரம்பரிய மருத்துவச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேட்டே போகலாம்.

செலவில்லாதவை இரண்டுண்டு. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் அடியொன்றுக்கு முழங்காலின் பாரம் நான்கு கிலோ குறைகிறது. நாற்காலியில் அமர்ந்து காலை நேராய் நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்கினால், பத்துமுறை செய்தால் தொடைச்சதை வலுக்கும். கல்லாவில் ஆள் இல்லாத நேரத்தில் நாம் செய்கிறோம், பையன்கள் சிரிக்கிறார்கள். இயலாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது, அதில் கூச்சம் வேண்டாம். முழங்கால் சிவந்து கொதித்துக் காய்ச்சலும் வந்தால் மட்டும் அமுக்கிக்கொண்டிராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.